கலங்காத மருந்து

அத்தியாயம் 6

மாதனூரில் இன்பராஜின் வீட்டுக்கு நாங்கள் வழியே கேட்கவில்லை. தெருமுனையில் காரை நிறுத்தியதும், குழாயடியில் நின்ற பெண்கள் தாங்களாகவே ஒரே பக்கமாகக் கை காட்டினார்கள். ஊசி மருந்து திருடியவன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஊருக்குள் அவ்வளவு விளம்பரம்.

"பாத்தீங்களா ஆபா, நாம ஆம்பூர்ல லைட்டு போட்டு போர்டு வச்சும் ஆள் வர்றதில்ல. இவருக்கு போர்டே தேவப்படல" என்றேன்.

ஆபா சிரிக்கவில்லை. அவர் முழுப்பெயர் ரஃபத் ஜஹான். ஆபா என்றால் உருதுவில் அக்கா. ஆம்பூரே அவரை அப்படித்தான் கூப்பிடும். லேடீஸ் டெய்லர் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். வரும் வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. நான் தானியேல், அவருடைய உதவியாளன். முன்பு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்தேன், இப்போது மாப்பிள்ளைகளைச் செக் செய்கிறேன். ரிஜெக்ட் இங்கேதான் ஜாஸ்தி.

இந்த முறை வந்திருப்பது நாய் வழக்கு. தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கவுஸ் பாஷா என்ற பெரியவருக்கு ஷேரு என்று ஒரு நாய் இருந்தது. அதற்கு அவ்வப்போது வலிப்பு வரும். போன வாரம் ஒரு மாலையில் வலிப்பு வந்து நிற்காமல் போக, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டர் அம்பிகாவின் கால்நடை கிளினிக்குக்கு ஓடியிருக்கிறார். டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஊசி போட்டார். மூன்றும் கேட்கவில்லை. ஷேரு மேஜையிலேயே உயிரை விட்டது.

முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்த ஊசிகளிலிருந்து யாரோ மருந்தை உறிஞ்சிவிட்டுத் தண்ணீரை நிரப்பிவிட்டார்கள் என்பது டாக்டரின் முடிவு. அந்த மருந்தைப் போதைக்காக வாங்குகிறவர்கள் உண்டு. அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று டாக்டரிடம், இன்னொன்று உதவியாள் இன்பராஜிடம். டாக்டர் நேற்று ஸ்டேஷனுக்குப் போன் செய்ய, இன்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள், ஆளைத் தூக்கிவிடலாம் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். கவுஸ் பாஷாதான் எங்களிடம் வந்தார். "அவங்க சொல்றாங்க இன்பராஜ்னு. எனக்கு நிச்சயமா தெரியணும் பேட்டி. தப்பான ஆள் மேல நான் சாபம் உட்டுடக் கூடாது" என்றார். பேட்டி என்றால் உருதுவில் மகள்.

அதனால்தான் இந்த மத்தியான வெயிலில் மாதனூர்.

இன்பராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, சட்டையைத் தேடி, பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"வூட்ல?" என்றார் ஆபா.

"போலீஸ் வரும்னு கேள்விப்பட்டதும் கொழந்தைய தூக்கிக்கினு பேரணாம்பட்டு போய்ட்டா. அவ அம்மா வூட்டுக்கு. அவள சொல்லி இன்னா ஆவப் போவுது."

"நீங்க எடுத்தீங்களா?"

"இல்லக்கா. இத கேட்ட மொத ஆளே நீங்கதான். மேடம் கேக்கவே இல்ல. சாவிய வச்சுட்டு போன்னாங்க, அவ்ளோதான்."

"அன்னிக்கு எப்ப கிளம்பினீங்க?"

"ஆறு மணி ஷிப்ட் உட்டதும் ஷூ கம்பெனி பஸ் கிளினிக் எதிர்லதான் வரும். டிரைவர் நம்ம தோஸ்த்து, ஏத்திக்குவாரு. அத உட்டா அப்பறம் டவுன் பஸ்ஸுக்கு நின்னு நின்னு பேஜாராய்டும். தெனமும் அதுலதான் வருவேன்."

"அதுக்கப்பறம் கிளினிக்ல யாரு?"

"மேடம் மட்டும்தான். மாடியிலயே இருக்காங்க. தனியா."

"அந்த ஊசிகளத் தொட்டிருக்கீங்களா?"

"அது மேடம் சமாச்சாரம். அவங்களே ரொப்பி, அவங்களே பேர் எழுதின பிளாஸ்திரி ஒட்டி வைப்பாங்க. ஜன்னலாண்ட இருக்கற கண்ணாடி பீரோவுலதான் இருக்கும். தொடைக்கும்போதுகூட அந்த டிரேய நகத்த மாட்டேன்."

ஆபா எழுந்துகொண்டார். நான் கிளம்பும்போது, "பட்டன் ஒண்ணு மாறிப் போச்சு பாருங்க" என்றேன். இன்பராஜ் குனிந்து பார்த்தார், சரி செய்யவில்லை. எனக்கு அதற்குமேல் ஜோக் வரவில்லை.

காரில் ஆபா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திருடறவன் எதுக்குத் தண்ணி ரொப்பணும் தானியேல்?"

"மாட்டிக்காம இருக்க."

"என்னிக்காவது ஒரு நாள் அத ஒரு நாய்க்குப் போடத்தான் போறாங்க. அன்னிக்கு மாட்டத்தான் போறான். ஊசியோட தூக்கிட்டுப் போய் ஒடஞ்சிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்."

"திருடனுக்கு அவ்ளோ மூளை இருந்தா நம்ம தொழிலுக்கு வந்திருப்பான் ஆபா."

"நம்ம தொழிலுக்கு மூளை இல்லாதவங்களும் வந்திருக்காங்க" என்று சொல்லி என்னைப் பார்த்தார். அன்று அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான்.

கிளினிக்கின் வெளிக்கூடத்தில் ஒரு ஆடு, ஒரு பூனை, அவற்றின் சொந்தக்காரர்கள், கவுஸ் பாஷா. அவருக்கு அங்கே காட்டுவதற்கு இப்போது பிராணி இல்லை. ஆனாலும் ஷேரு இறந்ததிலிருந்து தினமும் வந்து அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விட்டுப் போகிறார் என்று பூனைக்காரம்மா என் காதில் சொன்னாள். மனைவி பக்ருன்னிசா காலமாகிவிட்டாள், பிள்ளைகள் துபாயில். ஷேருவுக்கு உருது மட்டும்தான் புரியும் என்று எங்கள் ஆபீசில் அவர் சொன்னபோது நான் சிரித்தேன். அந்த நாயைத் தவிர அவரோடு வீட்டில் உருது பேச யாரும் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

டாக்டர் அம்பிகாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். நாட்றம்பள்ளிக்காரர். சரியாகத் தூங்காத கண்கள். எழுதி முடித்த புகார் மேஜைமேல் தயாராக இருந்தது.

"ஸ்டேஷன்ல அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. சீக்கிரம் கேளுங்க" என்றார்.

"வலிப்புக்கு என்ன மருந்தெல்லாம் வச்சிருக்கீங்க டாக்டர்?"

"டயஸிபாம். முதல்ல போடற ஊசி அதுதான். அதுக்கு அடங்கலன்னா ஃபீனோபார்பிட்டோன். அது ஊசியா எனக்குக் கிடைக்கல, மாத்திரைதான் வச்சிருக்கேன். வலிப்புல பல்லைக் கடிச்சுட்டு இருக்கற நாய்க்கு மாத்திரை குடுக்க முடியாது."

"அவ்ளோதானா?"

"மிடாசோலம்னு ஒண்ணு இருக்கு. நரம்பு தேட வேண்டாம், மூக்குல பீச்சினாலே போதும். லெவிட்டிரஸிட்டமும் வைக்கலாம்." டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வாங்கணும் வாங்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன். எப்பவோ ஒரு வலிப்பு கேஸ் வருது. எல்லாத்தையும் வாங்கி வச்சா காலாவதியாகிக் குப்பைக்குத்தான் போகும். எது வேணும், எது வேண்டாம்னு ஒரு வார்த்தை கேட்டுக்கக்கூட இங்க இன்னொரு டாக்டர் இல்ல."

ஆபா கண்ணாடி அலமாரியின் முன்னால் போய் நின்றார். மேற்குப் பார்த்த ஜன்னலின் வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள் அடுக்கு குலையாமல் இருந்தன. பக்கத்தில் ஒரு டிரே, அதில் ஒரே ஒரு சிரிஞ்ச்.

"இந்த மாத்திரையும் போதைக்கு விலை போகும் இல்ல?"

"போகும்."

"ஒண்ணுகூடக் குறையல."

"குறையல" என்றார் டாக்டர். "அதை எடுத்தா கண்ணுக்குத் தெரியும். ஊசியில தண்ணி ரொப்பினா தெரியாது. அவன் முட்டாள் இல்ல."

நான் அந்த சிரிஞ்சைக் குனிந்து பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரி வெயில் பட்டுப் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. ஷூ கம்பெனியில் இப்படிப் பசை கருகிய சரக்கு வந்தால் பழைய லாட் என்று ஓரமாகத் தூக்கி வைப்போம். "இது பழைய லாட்டு மேடம்" என்றேன்.

"பொங்கல் கழிச்சு ரொப்பினது, நாலஞ்சு மாசம் ஆச்சு. நாலு ரொப்பி வச்சேன். மூணு அன்னிக்குப் போட்டாச்சு. இது போலீஸுக்கு."

"போலீஸுக்குப் பாதி போதும்" என்றார் ஆபா. "புது மருந்து இருக்கா?"

காலையில்தான் வேலூரிலிருந்து வந்ததாம். டாக்டர் பெட்டியைப் பிரித்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தார். ஆபா மூன்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். நான் பிடித்து வந்து வைத்தேன்.

"ஆளுக்கு ஒண்ணா?" என்றேன்.

முதல் டம்ளரில் ஆபா சும்மா தண்ணீரையே நாலு சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில், அப்போதுதான் உடைத்த குப்பியின் மருந்தை நாலு சொட்டு விடச் சொன்னார். டாக்டர் விட்டார். சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாகத் திரி திரியாகப் பிரிந்து தண்ணீர் கலங்கியது.

"பினாயில் மாதிரி" என்றேன்.

"எண்ணெய்ப் பசையான திரவத்துலதான் இந்த மருந்தைக் கரைச்சிருப்பாங்க" என்றார் டாக்டர். "தண்ணி பட்டா மருந்து வெள்ளையாப் பிரியும்."

மூன்றாவது டம்ளரில் அந்தப் பழைய சிரிஞ்சிலிருந்து நாலு சொட்டு. தண்ணீர் கலங்கியது. ஆனால் லேசாக, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் அளவுக்குத்தான்.

டாக்டரின் முகம் இறுகியது. "பாத்தீங்க இல்ல? மருந்து பாதிகூட இல்ல. எடுத்துட்டுத் தண்ணியக் கலந்து வச்சிருக்கான். என் கண்ணெதிர்ல காப்பி வாங்கிட்டு வந்து குடுத்துட்டு, இதப் பண்ணியிருக்கான்." புகாரைக் கையில் எடுத்துக்கொண்டார். "தேங்க்ஸ் மேடம். இதையும் சேத்து எழுதிடறேன்."

மாதனூரில் பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளை நாங்களே மாட்டிவிட்டோமா? ஆபாவைப் பார்த்தேன். அவர் அந்த மூன்று டம்ளரையும் விட்டுவிட்டு, புதுக் குப்பியில் மீதியிருந்த மருந்தை ஒரு புது சிரிஞ்சில் உறிஞ்சிக் கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். இப்ப நான்தான் திருடி." சிரிஞ்சிலிருந்து பாதி மருந்தை வாஷ்பேசினில் தள்ளினார். "எடுத்துட்டேன். இப்பத் தண்ணி ரொப்பறேன்."

முதல் டம்ளரில் ஊசியை வைத்து இழுத்தார். தண்ணீர் உள்ளே ஏற ஏற சிரிஞ்ச் முழுக்க வெளுத்து, பால் நிறத்துக்கு மாறியது.

ஆபா அதை டாக்டரின் பழைய சிரிஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று பாலாகக் கலங்கியிருந்தது. இன்னொன்று துளிக்கூடக் கலங்காமல், அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"இதுல யாரும் தண்ணி கலக்கல" என்றார் ஆபா. "கலந்திருந்தா நீங்க டிரேயக் கையில எடுத்த ஒடனேயே தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

டாக்டர் பால் நிறச் சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மருந்து கம்மியாயிருக்கு, அது உண்மை. ஆனா வெளியில இருந்து எதுவும் உள்ள போகல. சாவி வச்சிருந்தவனுக்கு இதுல வேலையே இல்ல. வேற எப்படி டாக்டர் மருந்து கம்மியாகும்? எனக்குத் தெரியாது. நான் மாப்பிள்ளை விசாரிக்கறவ. நீங்கதான் படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் சிரிஞ்சைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெயில் அவர் கைமேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"பிளாஸ்டிக்" என்றார் மெதுவாக. "டயஸிபாம் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். சிரிஞ்சுல ரொப்பி வைக்கக் கூடாது. வெளிச்சமும் ஆகாது, அதுக்குத்தான் பழுப்புக் குப்பியே. காலேஜ்ல படிச்சது. பரீட்சையில எழுதியிருக்கேன்."

வெளியே ஆடு கத்தியது.

"அப்பறம் ஏன் ரொப்பி வச்சீங்க?" என்றார் ஆபா. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது.

"ஆறு மணிக்கு மேல எனக்கு யாரும் இல்ல மேடம்." டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "போன வருஷம் ஒரு டாபர்மேன் வந்துச்சு, வலிப்போட. ஒரு கையால அதை அமுக்கிப் பிடிச்சுட்டு இன்னொரு கையால குப்பிய உடைச்சேன். கண்ணாடி கட்டைவிரல்ல ஏறிடுச்சு. ரத்தம் வழுக்குது, ஊசி நிக்கல. அன்னிக்கு எப்படியோ தப்பிச்சுடுச்சு. அதுக்கப்பறம்தான் முன்கூட்டியே ரொப்பி வைக்க ஆரம்பிச்சேன். சட்டுன்னு எடுத்துப் போடலாம்னு. நல்லதுன்னுதான் பண்ணேன்."

நல்லதென்று செய்தது நாயைக் கொன்றுவிட்டது. ஒரு மனிதனின் வீட்டையும் காலி செய்திருக்கிறது.

"மருந்து வாங்கும்போது எது நல்ல மருந்துன்னு மட்டும் பாக்காதீங்க டாக்டர்" என்றார் ஆபா. "எத்தனை கை இருக்குன்னு எண்ணிப் பாத்து வாங்குங்க. மூக்குல பீச்சறது ஒண்ணு சொன்னீங்களே, தனியாளுக்கு அதுதான் தோது."

டாக்டர் தலையசைத்தார். புகாரை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலில் எஸ்.ஐ.க்குப் போன் செய்தார். "கம்ப்ளைன்ட் இல்ல சார். தப்பு என்னோடது. ஆமா, என்னோடதுதான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அதையே மறுபடி சொன்னார்.

அடுத்து இன்பராஜுக்கு. போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். மன்னிச்சுடு என்றார். அந்தப் பக்கம் குழாயடிச் சத்தம் கேட்டது.

"நல்லது மேடம்" என்றார் இன்பராஜ். "போலீஸ் வராதில்ல?"

"வராது. நாளைக்கு வர்றியா?"

"இல்ல மேடம். கம்பெனில கட்டிங் செக்ஷன்ல ஆள் எடுக்கறாங்கோ. அதே பஸ்சுதான். கோவம்லாம் இல்ல. ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா இருந்திருப்பேன். இப்ப பேரணாம்பட்டு போய் அவள கூட்டினு வரணும். வச்சிடறேன்."

போன் அணைந்தது. அப்போதுதான் கவனித்தேன், கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்துகொண்டு கவுஸ் பாஷா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

டாக்டர் எழுந்தார். "பாய்..." என்றார்.

கவுஸ் பாஷா உள்ளே வந்து, மேஜையின் ஒரு ஓரத்தைத் தொட்டார். ஷேரு கிடந்த இடமாக இருக்க வேண்டும். "அன்னிக்கு நீங்க என்னை வெளிய நிக்கச் சொன்னீங்க டாக்டரம்மா. கதவ சாத்திட்டீங்க."

"எல்லாரையும் அப்படித்தான் சொல்வேன். பாத்தா பதறுவாங்க. கடிச்சுடும்."

"நான் கதவுக்கு அந்தாண்டதான் நின்னேன்." தன் இரண்டு கைகளையும் அவர் பார்த்துக்கொண்டார். ஆயுள் முழுக்கத் தோலைப் புரட்டிப் புரட்டித் தடித்த கைகள். "அவன் கால் ஒதைக்கிற சத்தம் கேட்டுச்சு. நீங்க என்னமோ தேடற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு கை வெளிய சும்மாதான் இருந்துச்சு டாக்டரம்மா. புடின்னு சொல்லியிருந்தா புடிச்சிருப்பேன். எங்கிட்ட அவன் அடங்குவான்."

டாக்டர் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். ஆபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டம்ளர்களைக் கழுவப் போனேன். கழுவ வேண்டியது மூன்றே டம்ளர், ஆனால் வெகுநேரம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது கவுஸ் பாஷா வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று, திரும்பாமலேயே பேசினார். "மனசு ஆறல. ஆறும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆறு மணிக்கு மேல இந்த மாதிரி எதுனா வந்துச்சுன்னா ஒரு போன் போடுங்க. வூடு ரெண்டு தெரு தள்ளித்தான். நான் சும்மாதான் இருக்கேன்."

"உங்க நம்பர் சொல்லுங்க பாய்."

"உங்ககிட்ட இருக்கே. தடுப்பூசி போடணும்னு நீங்கதான போன் பண்ணுவீங்க."

டாக்டர் போனை எடுத்துத் தேடினார். கவுஸ் என்று போட்டார், வரவில்லை. பாஷா என்று போட்டார், வரவில்லை. பிறகு விரலால் தள்ளித் தள்ளிப் பட்டியல் முழுக்கப் போனார். பக்கத்தில் நின்ற என் கண்ணிலும் அது பட்டது. டாமி, ப்ளாக்கி, லட்சுமி பசு, ராக்கி, மணி ஆடு. அந்தப் போனில் மனிதர் பெயர் என்று அநேகமாக ஒன்றுமே இல்லை.

ஒரு பெயரில் விரல் நின்றது. ஷேரு என்று இருந்தது, பக்கத்தில் அடைப்புக்குள் வலிப்பு என்றும் இருந்தது.

டாக்டர் நம்பரை அப்படியே விட்டு, அந்தப் பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி, "பாய், உங்க முழுப் பேரு என்ன?" என்று கேட்டார்.